வாசனை சோப்பு மட்டும் ஸ்டாக் இல்லை

அத்தியாயம் பதினொன்று

அரிசி டப்பாவின் அடியில் டம்ளர் உரசுகிற சத்தம் இருக்கிறதே, அது எந்த வீட்டிலும் எல்லா அறைகளுக்கும் கேட்கும். முன்னறையில் ரிப்பேருக்கு வந்த ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவருக்கும் கேட்டது.

"சர்க்கார், கஜானா காலியா?" என்றார்.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்பதால் கல்யாணமான புதிதில் அவர் வைத்த செல்லப் பெயர் அது. அந்தச் சர்க்காருக்கே மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை.

கூடவே வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்கள் வாசலிலேயே நின்று விழிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னவள் வாகனப் பதிவு அலுவலகத்தில் இருந்தாள். அங்கிருந்து பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஆள் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். புதிய இடத்தில் சம்பளம் போடத் தேவையான அவளுடைய சம்பளச் சான்று மட்டும் போய்ச் சேரவில்லை. "அனுப்பியாச்சே" என்றது பழைய அலுவலகம். "வரலையே" என்றது புதிய அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் ஒரு பஸ் நிறுத்தமும்தான் இருந்தன.

சம்பளம் நின்றும் அடுப்பு நிற்காததற்குக் காரணம் சொசைட்டி கடை. அரசுச் சம்பளக்காரர்களுக்கென்றே நடக்கிற கூட்டுறவுக் கடை அது. மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் வாங்கலாம், சம்பளம் போடும்போதே பிடித்துக்கொள்வார்கள். கணக்குத் திறக்க இன்னொரு சம்பளக்காரர் ஜாமீன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சின்னவளுக்கு ஜாமீன், குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா. அக்காவுக்கு ஜாமீன், சின்னவள்.

அந்த அக்காவோடுதான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் சித்தி வீட்டு விருந்தில், இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா வாய் தவறிப் பேசிவிட்டாள். "அவர் கையில எண்ணெய்க் கறைதான் இருக்கு, காசு எங்க இருக்கு? அந்த வீட்டுல உலை கொதிக்கிறதே என் தங்கச்சி சம்பளத்துலதான்." கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். சின்னவள் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தாள். "இனிமே உன் கை பட்ட தண்ணிகூட என் தொண்டையில இறங்காது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவளிடம் தண்ணீரை வைத்துச் சபதம் போட்டது சரிதானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு பேரும் வீம்பு பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள்.

இப்போது வந்திருக்கும் சங்கடம் இது. சொசைட்டிக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கணக்குக்காரரும் ஜாமீன்காரரும் கவுன்ட்டர் முன்னால் ஒன்றாக நின்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கடைசி நாள் இன்று; போடாவிட்டால் இனிக் கடனுக்குச் சாமான் கிடையாது.

"நான் வேணா போன் பண்ணிக் கூப்பிடட்டுமா?" என்றார் கணவர்.

"உங்களை அப்படிப் பேசினவளுக்கு நீங்களே போன் பண்றீங்களா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"இருக்கு. ஆனா அரிசி இல்லையே."

"ஏதாவது பண்ணிக்கறேன். நீங்க மெஷினைப் பாருங்க."

அவர் மெஷினை நிமிர்த்தி வைத்து, ஒரு கந்தல் துணியைக் கொடுத்து மிதித்தார். அது கடகடவென்று ஓடியது. அவர் ஏதாவது மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த வீட்டில் பெரிய கவலை இல்லை என்று பொருள். மனம் சரியில்லாத நாளில் அவர் மெஷினைத் தொடமாட்டார்.

"குளிக்க சோப்பு வேற தீர்ந்து போச்சு" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த மஞ்சள் உறை வாசனை சோப்பைக் கேட்டா, மூணு மாசமா ஸ்டாக் இல்லையாம். ஊரு உலகத்துல எல்லாக் கடையிலயும் இருக்கு, நம்ம கடையில மட்டும் இல்லை."

"அந்த மனுஷனுக்குப் பேரே அதுதானே" என்றார் கணவர்.

உண்மைதான். சொசைட்டி கடை மேனேஜருக்குச் சம்பளக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டாக் இல்லை'.

* * *

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் காலையிலிருந்தே கூட்டம். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வருகிறவர்களும் வேறு காரியமாக வருகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஒரு புது அப்பா படிவத்தைப் பார்க்காமலே பேனாவைத் திறந்தார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள் சின்னவள். "அப்புறம் வந்து எனக்குத் தெரியாது, யாரும் சொல்லலைன்னு நிக்கக் கூடாது."

இதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாளோ. வாயில் தானாக வரும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேவைப்படும்.

மதியத்துக்கு மேல் தலைமை எழுத்தர் அவள் மேஜைக்கு வந்தார். முகத்தில் ஒரு பெருமிதம், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

"மேடம், உங்க சம்பளச் சான்று எங்க இருந்துச்சு தெரியுமா? உங்க பழைய ஆபீஸ்லயேதான். கனமான கவரா இருக்கவும், காத்துல பேப்பர் பறக்காம இருக்கறதுக்குப் பாரமா வச்சுட்டாங்களாம்."

"மூணு மாசமாவா?"

"ஃபேன் மூணு மாசமா ஓடிட்டுத்தானே இருந்துச்சு. போன வாரம் ஃபேன் ரிப்பேராச்சு, கவரை எடுத்துப் பாத்திருக்காங்க. நான் கையோட கருவூலத்துக்கு அனுப்பிட்டேன். இன்னிக்கு ஏறிடும்னு சொன்னாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவள் கைப்பை அதிர்ந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. மூன்று மாதச் சம்பளமும் அரியரோடு மொத்தமாக ஏறியிருந்தது.

சின்னவள் எழுந்து நடந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் யாரும் இல்லை. அங்கே நின்று ஒரே ஒரு குதி குதித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் படிக்கட்டில் குதிக்கிற அளவுக்கு ஒரு பெண்மணிக்குச் சந்தோஷம் வந்தால் அது சாதாரணச் சந்தோஷம் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவை சொசைட்டிக்குப் போகும்போதும் 'உங்க கணக்கை நிறுத்திட்டோம் மேடம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பாக்கி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இனி அந்தப் பயம் இல்லை.

கணவருக்குப் போன் போட்டாள். பின்னால் மெஷின் கடகடத்தது.

"சம்பளம் வந்துருச்சுங்க!"

"அப்பாடா! சர்க்கார் மறுபடியும் ஆட்சிக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு. முதல் உத்தரவு என்ன தெரியுமா? இன்னிக்கே சொசைட்டி பாக்கியைக் கட்டிட்டுக் கணக்கை மூடப் போறேன். இனிமே ரொக்கந்தான். எவ கையெழுத்தும் நமக்கு வேண்டாம்."

மெஷின் சத்தம் நின்றது.

"நீ மூடிட்டா, கணக்கில்லாத ஆள்னு அவங்களுக்கு நீ போட்ட ஜாமீனும் போயிடுமே. அவங்க கணக்கும் நின்னுடும்."

"நிக்கட்டும். உலை எப்படிக் கொதிக்குதுன்னு அவளும் கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும்."

"யோசிச்சுச் செய்மா" என்றார் அவர்.

* * *

சொசைட்டி கடையில் சம்பளக்காரர்களின் வரிசை வேறு மாதிரி இருக்கும். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கும். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. 'சர்வே, நகருங்க', 'தீயணைப்பு, உங்க பருப்பு ரெடி' என்று துறையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சின்னவளுக்கு முன்னால் நின்றவர் சர்வே. அவர் பையில் கடைசியாக மேனேஜர் குனிந்து எடுத்துப் போட்டது மஞ்சள் உறை வாசனை சோப்பு. ஒன்றல்ல, மூன்று.

சின்னவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். சோப்பு அங்கேயேதான் இருந்தது.

"சார், அது என்ன?"

மேனேஜர் அவளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். "எது மேடம்?"

"அந்த சோப்பு. மூணு மாசமா எனக்கு ஸ்டாக் இல்லை, சர்வேக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? பாக்கி வச்சிருக்கறவங்கன்னா இளக்காரமா? இந்தாங்க, சம்பளம் வந்துருச்சு. மொத்தப் பாக்கியையும் சொல்லுங்க. கட்டிட்டுக் கணக்கையும் மூடிட்டுப் போறேன்."

தீயணைப்பு பருப்பை எடுக்காமல் வேடிக்கை பார்த்தது.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "மேடம், கொஞ்சம் இப்படி வாங்களேன்" என்று கவுன்ட்டரின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குப் பாக்கியே இல்லை மேடம்."

"என்ன விளையாடறீங்களா? மூணு மாசமா சம்பளமே வரல. எதுல பிடிச்சீங்க?"

"கணக்குக்காரர் சம்பளம் வரலைன்னா ஜாமீன்காரர் சம்பளத்துல பிடிக்கணும். அதுதானே விதி. நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்கே. படிச்சுப் பாக்கலையா?"

ஊருக்கெல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறவள் தன் காகிதத்தை மட்டும் படித்திருக்கவில்லை.

"எங்க அக்கா சம்பளத்துலயா?"

"முதல் மாசமே அவங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா ஜாமீனைத் திரும்ப வாங்கிக்கலாம், அந்த நிமிஷமே சப்ளையை நிறுத்திடுவோம்'னேன். 'நிறுத்தினீங்கன்னா நடக்கறதே வேற'ன்னு என்னையே மிரட்டிட்டாங்க. 'அரிசி, பருப்பு, எண்ணெய் எதுக்கும் குறை வைக்கக் கூடாது, அவகிட்ட மூச்சு விடக் கூடாது'ன்னு ஒரே கண்டிஷன்."

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சபதம் போட்ட நாளிலிருந்து அவள் தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு கவளமும் அக்கா கை பட்டது. இது தெரியாமல் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுக்கொண்டே அக்காவைத் திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அக்காவின் கணக்கையும் சேர்த்து மூட வந்து நிற்கிறாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அப்ப சோப்பு?"

மேனேஜர் நெளிந்தார். "அது ரெண்டாவது கண்டிஷன் மேடம். 'அந்த வாசனை சோப்பு மட்டும் கொடுக்காதீங்க. அதை என் சம்பளத்துல நானே வாங்கறதில்லை, அவளுக்கென்ன கேடு'ன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஸ்டாக் இல்லைன்னேன்."

அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பு பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

"அவ இன்னிக்கு வந்தாளா சார்? கையெழுத்துப் போட?"

"இன்னும் வரலையே. இன்னும் கொஞ்ச நேரத்துல ஷட்டரை இறக்கணும்."

இப்போது பாருங்கள் இந்தப் பெண்ணை. கணக்கை மூட வந்தவள், வாசலுக்கும் கவுன்ட்டருக்குமாக நடந்தாள். போனை எடுத்தாள், அக்கா எண் வரை போனாள், திரும்பப் பையில் போட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? திரும்ப எடுத்தாள். 'வராமல் போய்விட்டால்?' என்று நினைத்தபோது காலையில் அரிசி இல்லாமல் வந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது.

மேனேஜர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தார்.

"என்ன சார், அதுக்குள்ள இறக்கறீங்க? பஸ் கிடைக்க வேண்டாமா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

பெரியவள்.

வியர்த்து, மூச்சு வாங்க, ஒரு செருப்பு வார் அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கையைப் பார்க்காத மாதிரி நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள்.

"எங்க போடணும் கையெழுத்து?"

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும் மேடம்" என்றார் மேனேஜர்.

நின்றார்கள். தோளும் தோளும் இடித்தன. பெரியவள் போட்டாள். சின்னவள் பேனாவை வாங்கினாள். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். படித்துவிட்டுப் போட்டாள். அக்காவின் காகிதத்திலும் ஜாமீன் போட்டாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

பெரியவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மேனேஜரை ஒரு முறை முறைத்தாள். அவர் அவசரமாக ஒரு எண்ணெய் டின்னைத் துடைக்கப் போய்விட்டார்.

"நீதான் என் கை பட்ட தண்ணிகூட இறங்காதுன்னியே" என்றாள் பெரியவள். "சொல்லியிருந்தா அரிசி எப்படி இறங்கும்?"

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடை என்றும் பார்க்கவில்லை, சர்வே, தீயணைப்பு என்றும் பார்க்கவில்லை. அழுதாள்.

"அழாதடி. சம்பளம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. முழுசையும் இப்பவே திருப்பிக் கொடுத்துடறேன்."

"மெதுவாக் கொடு. ஓடியா போகப் போறேன்? செருப்பு வேற அறுந்து போச்சு." அவளும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு உன் வீட்டுக்காரரைப் பத்தி நான் பேசினது தப்புடி. ரொம்பப் பெரிய தப்பு. வாய் நீளம் எனக்கு. அவர்கிட்ட நேர்ல சொல்லணும்னு நினைச்சு உங்க தெரு முனை வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். மெஷின் சத்தம் கேட்டதும் கால் வரல."

"அவர் உன்மேல கோபமாவே இல்லைக்கா. காலையிலகூட உனக்குப் போன் பண்ணட்டுமான்னு கேட்டார். நாந்தான் முறுக்கிட்டு இருந்தேன்."

பெரியவள் நீளமாக மூச்சு விட்டாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

சின்னவள் ரொக்கம் கொடுத்து மஞ்சள் உறை சோப்பு இரண்டு வாங்கினாள். ஒன்றை அக்காவின் கைப்பையில் திணித்தாள்.

"எனக்கெதுக்கு இது? தண்டச் செலவு!" என்றாள் பெரியவள். ஆனால் எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைத்தாள்.

அரிசியும் பருப்பும் நிறைந்த பையை ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்போதுதான் சின்னவளுக்குத் தோன்றியது.

"ஏன்க்கா, மூணு மாசமா சம்பளம் குறைஞ்சா அத்தான் கேக்கமாட்டாரா?"

"கேட்டார். வருமான வரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அத்தான் நம்பிட்டாரா?"

"முதல் ரெண்டு மாசம் நம்பினார். இந்த மாசம் ஏதோ முணுமுணுத்துட்டு இருந்தார். நம்ம குடும்பத்துக்கு இவ்வளவு வரி போடறாங்களான்னு."

இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். பை தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து விலகிப் போனார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சின்னவளின் போன் அடித்தது. கணவர் எண். எடுத்தால் பேசியது அத்தான்.

"நான் உங்க வீட்டுலதான் இருக்கேம்மா. உங்க அக்கா ஆபீஸுக்கே போய் அது என்ன வரின்னு விசாரிச்சேன். வரியாம் வரி! எல்லாத்தையும் சொன்னாங்க. சரி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சு இங்க வந்து உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன். அவருக்கு எதுவுமே தெரியலை போல." குரல் தாழ்ந்தது. "ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கார். உங்க அக்கா உன்கூடத்தான் இருக்காளா? ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க."

போன் அணைந்த பிறகும் சின்னவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். அத்தான் பேசிய அவ்வளவு நேரமும் பின்னால் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

சொன்னாள். பெரியவளின் முகம் வெளுத்தது. 'உலை கொதிக்கிறதே என் தங்கச்சி சம்பளத்துலதான்' என்று இருபது பேர் முன்னால் சொன்னவள், இப்போது அந்த மனிதருக்கு எதிரில் போய் நிற்க வேண்டும். அவர் மூன்று மாதமாகச் சாப்பிட்டது அவளுடைய அரிசி என்று தெரிந்த பிறகு.

"நான் நாளைக்கு வரட்டுமாடி?"

"கூடவே நான் நிக்கறேன்க்கா" என்றாள் சின்னவள். "ஜாமீன் போட்டிருக்கேன்ல?"

பெரியவள் ஒரு நொடி தெருவைப் பார்த்தாள். பிறகு அறுந்த செருப்போடு நல்ல செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். குனிந்து பையின் ஒரு காதைப் பிடித்தாள்.

"நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள்.